இடது பக்கத்து அம்பு

காலை ஐந்தே முக்காலுக்கே வைரவன் ரோட்டில் குத்தவைத்துவிட்டார். முந்தின நாள் சிந்தி உறைந்துபோன வெள்ளைத் துளிகளைத் தகட்டால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கிற வேலை. கிழிந்த கையுறை வழியே தார் சில்லென்று இருந்தது. டிசம்பர் மாதத்தில் மட்டும்தான் இந்த ஊர் ரோட்டில் மனிதன் முழங்காலை ஊன்ற முடியும்.

பத்து மணிக்குத் திறப்பு விழா. மனாமா நகரத்தின் குதைபியாவில் நான்கு தெருக்கள் வந்து முட்டிக்கொள்கிற அந்த முனையை உடைத்துப் போட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அங்கே ஒரு டாக்சி திரும்ப வேண்டுமென்றால் பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கும். மளிகைக் கடைக்காரர் சாமான் இறக்கினால் தெருவே நின்றுபோகும். இப்போது நடுவில் மூன்று பேரீச்சை மரத்தோடு ரவுண்டானா, சுற்றிலும் கரேலென்று புதுத் தார், கம்பத்துக்குக் கம்பம் தேசிய தினத்துக்குக் கட்டின சிவப்பும் வெள்ளையுமான கொடி. முனிசிபாலிட்டியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று சிவப்புக் கம்பளம்கூட வந்து சுருட்டிக் கிடந்தது.

வைரவனுக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். பஹ்ரைனுக்கு வந்து பதினான்கு வருஷம், பதினான்கு வருஷமும் ரோட்டில் கோடு போடுகிற வேலைதான். வெள்ளைப் பொடியைக் கொதிகலனில் போட்டு உருக்கி, நூல் பிடித்து, தள்ளுவண்டியால் இழுத்துவிட்டால் கோடு. அச்சுத் தகட்டை வைத்து ஊற்றினால் அம்பு. மனாமாவில் அவர் நூல் பிடிக்காத தெரு குறைவு. கேம்ப் பஸ்ஸில் போகும்போது மற்றவர்கள் தூங்குவார்கள், இவர் ஜன்னல் வழியே தன் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வருவார். எங்காவது தேய்ந்திருந்தால் மனசு கொஞ்சம் சுணங்கும்.

"வைரவா, சாயா!" என்று எதிரே டீக்கடையிலிருந்து சேதுமாதவன் கூப்பிட்டார். பாலக்காட்டுக்காரர். இந்த முனையில் இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். பதினான்கு மாதமும் கடை முன்னால் பள்ளம், பலகை போட்டுத்தான் ஆள் ஏறி வரவேண்டும் என்றிருந்தபோதும் கடையைச் சாத்தாத மனிதர்.

"பாத்தியா நம்மட குதைபியாவ? இனி துபாய்க்காரன் வந்து இவிட நின்னு போட்டோ எடுக்கணும்" என்றார்.

"துபாய்க்காரனுக்கு வேற வேலையில்லையா சேட்டா?"

"நீ சிரிக்காத. பதினாலு மாசம் மண்ணு தின்னது நானாக்கும். அதச் சொல்ல எனிக்கு உரிமை உண்டு."

டீயை வாங்கிக்கொண்டு வைரவன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். மனசு லேசாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை ராத்திரிதான் இரண்டு மாத லீவு முடிந்து ஊரிலிருந்து வந்திறங்கினார். இந்த முனையோடு கம்பெனிக்குக் கையிலிருந்த வேலை முடிகிறது. அடுத்து ஒரு வருஷத்துக்கு ஒரு பாலத்து வேலை மட்டும்தான் இருக்கிறது. அதற்குக் கோடு போடுகிற இருபது பேரில் ஒன்பது பேரைத்தான் வைத்துக்கொள்வார்களாம், மற்றவர்களுக்கு ஊருக்கு டிக்கெட். "இந்த வேலைய மட்டும் சுத்தமா முடிச்சிரு, உம் பேருக்கு நான் பேசுறேன்" என்று ஃபோர்மேன் செய்கு முகம்மது சொல்லியிருந்தார். வைரவனுக்கு வேண்டியதெல்லாம் இன்னும் எட்டு மாதம். மகள் உமாராணி மதுரையில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். எட்டு மாதம் தள்ளிவிட்டால் அவள் வெள்ளை உடுப்பு மாட்டிவிடுவாள். அதற்கப்புறம் யார் எந்த டிக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம்.

அப்போதுதான் அந்தத் தண்ணீர் லாரி வந்தது. தடுப்பு இன்னும் போடாத கிழக்குத் தெரு வழியாக நுழைந்து, ரவுண்டானாவை நெருங்கியதும் மெதுவாக்கி, நேராக இடது பக்கம் ஏறியது. எதிரே ரவுண்டானாவைச் சுற்றி வெளியே வந்த டாக்சி கிரீச்சென்று நின்றது. இரண்டு மூக்கும் ஒரு முழ இடைவெளியில் நின்றன. டாக்சிக்காரர் தலையை வெளியே நீட்டி அரபியில் கத்த ஆரம்பித்தார்.

"பாருங்க சேட்டா, காலங்காத்தால தண்ணியப் போட்டுட்டு வந்துட்டான் போல. ராங் சைடுல ஏறுறான்" என்று வைரவன் சிரித்தார்.

லாரி டிரைவர் பஞ்சாபிக் கிழவர். அவர் கத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கி, தரையில் பளீரென்று கிடந்த வெள்ளை அம்பைக் காலால் தொட்டுக் காட்டினார். பிறகு தன் லாரியைக் காட்டினார். அம்பு போகச் சொன்ன பக்கம்தான் நான் போனேன் என்பதைச் சொல்ல அவருக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

வைரவனுக்குச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அம்பு இடது பாதியில் கிடந்தது. அதற்கு முன்னால் வழிவிடச் சொல்லும் முக்கோணம், குறுக்கே கட்டம் கட்டமாக வெள்ளைக் கோடு, பின்னால் இன்னொரு அம்பு. எல்லாமே இடது பாதியில். இந்த ஊரில் வண்டிகள் வலது பக்கம் போகும். வலது பாதி ஒன்றுமில்லாமல் கறுப்பாகக் கிடந்தது.

நேற்று மாலை அந்தத் தெருவுக்கு நூல் பிடித்தது அவர்தான்.

வளைகுடாவில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஊருக்கு லீவில் போய் இரண்டு மாதம் இடது பக்கமாகவே போய்ப் பழகிவிட்டு வந்தால், திரும்பி வந்த முதல் வாரம் கையும் காலும் சொன்னபடி கேட்காது. அதனால்தான் கம்பெனியில் லீவு முடிந்து வருகிற டிரைவருக்கு மூன்று நாள் ஸ்டியரிங் கொடுக்கமாட்டார்கள். கோடு போடுகிறவனுக்கு அந்தச் சட்டம் கிடையாது. கோடு என்ன ஓடவா போகிறது என்று நினைத்திருப்பார்கள். இரண்டு மாதமும் வைரவன் தினம் மகளை வண்டியில் வைத்துப் மதுரை பஸ் பிடிக்க ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் விட்டார். நேற்று ரவுண்டானாவைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு தெரு நடுவில் நின்றபோது, போகிற வண்டிக்கு எந்தப் பக்கம் என்று அவர் யோசிக்கவே இல்லை. உடம்பு சொன்ன பக்கம் நூலை அடித்தார்.

கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. இருபது பேர் வேலை பார்த்த இடம், யார் போட்டது என்று யார் கண்டார்கள். ஆனால் வேலைச் சீட்டில் கிழக்குத் தெருவுக்கு நேரே அவர் பெயர்தான் இருக்கும். அதைவிட, பத்தே காலுக்கு ஏதாவது ஒரு வீட்டுக்காரன் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்த அம்பை நம்பி ஏறுவான். அந்த நினைப்பு வந்ததும் வைரவன் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

செய்கு முகம்மது பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு சமோசாவைத் தின்றுகொண்டிருந்தார். கீழக்கரைக்காரர். அறுபதை நெருங்குகிறார்.

"பாய், நான் கெட்டேன் பாய். கெழக்குத் தெருவ ஊர்ல போடுற மாதிரி போட்டுட்டேன்."

"என்னப்பா சொல்ற?"

"இடது பக்கம் போட்டுட்டேன் பாய். அம்பு, முக்கோணம், எல்லாம்."

அவர் சமோசாவைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து பார்த்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று வைரவன் குனிந்து நின்றார்.

"லீவு முடிஞ்சு வந்து ரெண்டு நாள் ஆவல, ஓங்கையில நூலக் குடுத்தேன் பாரு, என்னயச் சொல்லணும்" என்றார் செய்கு முகம்மது. "பின்னால மெஷின் தள்ளினவன் யாரு? அவனுக்குமா கண்ணு தெரியல?"

தள்ளினவன் ஐயப்பன். முப்பது வயது, அரியலூர்ப் பக்கம், ஆறு வருஷமாக வைரவனோடுதான் வேலை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு பாய். அண்ணன் நூல் புடிச்சா தப்பா இருக்காதேன்னு தள்ளிட்டேன்."

செய்கு முகம்மது என்ஜினியருக்குப் போன் போட்டார். விஜயபாஸ்கர் என்று பெயர். திருச்சிக்காரர், ஈசா டவுனில் குடும்பத்தோடு இருக்கிறார். வார முதல் நாள் என்பதால் அவர் கார் இப்போதே மெயின் ரோட்டில் வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது.

"கோடு சுரண்டுற கிரைண்டர் மெஷின் கம்பெனி யார்டுல இருக்கு பாய்" என்றார் அவர் போனில். "ஆனா ஆறரையிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் லாரிய டவுனுக்குள்ள விடமாட்டான். அதுக்கப்புறம் இந்த டிராபிக்ல எப்ப வந்து சேரும்னு யாருக்குத் தெரியும்? நானே நகர முடியாம நிக்கிறேன். கையால முடியுமா?"

"முடியுமா முடியாதான்னு பாத்துக்கிட்டு நிக்க நேரமில்ல சார். யல்லா, வேலைய ஆரம்பிக்கிறோம்."

டவுன் டிராபிக்கைக் குறைப்பதற்காகப் போட்ட ரோட்டைக் காப்பாற்ற வேண்டிய மெஷின், டிராபிக்கால் வர முடியவில்லை. செய்கு முகம்மது அதைச் சொல்லி ஒரு முறை சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

முதலில் கொதிகலனைப் பற்றவைத்தார்கள். வெள்ளை உருக ஒரு மணி நேரம் ஆகும். கிழக்குத் தெருவுக்குக் கூம்புகளை வைத்து அடைத்தார்கள். ஈரம் காயவைக்கிற கேஸ் பர்னரை ஐயப்பன் எடுத்தான். ஒரு சாண் அம்பைச் சூடு காட்டினால் அது இளகி மினுங்கும். இளகின நிமிஷத்தில் தகட்டைக் கொடுத்துச் சுரண்ட வேண்டும். சுணங்கினால் மறுபடி இறுகிவிடும், அவசரப்பட்டால் தாரும் சேர்ந்து பெயர்ந்து வரும். வைரவனும் இரண்டு நேபாளிகளும் முட்டிபோட்டுச் சுரண்டினார்கள். தகடு மழுங்கிக்கொண்டே வந்தது.

"இத கொண்டு நோக்கு" என்று சேதுமாதவன் கடைக்குள்ளிருந்து இரண்டு கனத்த சுரண்டிகளைக் கொண்டுவந்து போட்டார். பரோட்டாக் கல்லைச் சுரண்டுகிற தகடுகள். இருபத்தாறு வருஷம் தீட்டித் தீட்டிக் கத்தி மாதிரி இருந்தன. வைரவன் ஒன்றை எடுத்து அடியில் கொடுத்து இழுத்தார். அம்பின் வால் தோசை மாதிரி சுருண்டு வந்தது.

ஏழரைக்குக் கேஸ் தீர்ந்தது. மாற்று சிலிண்டர் யார்டில். முக்கோணம் அப்படியே கிடந்தது. வைரவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உமாராணியிடம் போனில் எப்படிச் சொல்வது என்று அவர் மனசு அதற்குள் வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டது.

சேதுமாதவன் ஒரு நிமிஷம் தன் கடை வாசலைப் பார்த்தார். காலைப் பரோட்டாவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்து, சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னிக்கு பரோட்டா மாஃபி, இல்லா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அதிகாரி வந்து நம்மட ரோட்டப் பாத்துச் சிரிச்சா எனிக்கு அது சகிக்காது. எல்லாரும் போயி ரொட்டி தின்னு."

எட்டே முக்காலுக்கு முக்கோணமும் குறுக்குக் கோடும் போயின. கடைசித் துண்டு இளகித் தெறித்தபோது ஐயப்பன் கையை உதறினான். கையுறையின் கிழிசல் வழியே வெள்ளை உள்ளே போய்ப் புறங்கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கொதிக்கிற எண்ணெயைவிடச் சூடு அது. சேதுமாதவன் அவனை இழுத்துக்கொண்டு போய் ஐஸ் தண்ணீரில் கையை முக்கினார். வெள்ளையோடு தோலும் வந்தது.

"சேஃப்டி ஆபீசருக்குப் போன் போடுறேன்" என்று செய்கு முகம்மது போனை எடுத்தார்.

"வேணாம் பாய்" என்றான் ஐயப்பன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "இந்நேரத்துல என்ன வேல பாத்தீங்கன்னு ரிப்போட்டுல கேப்பான். அண்ணன் பேரு வந்துரும். வேல முடியட்டும், சாயங்காலம் நானே ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிறேன்."

வைரவன் அவன் பக்கத்தில் போய் நின்றார். தன் கழுத்துத் துண்டை நனைத்து அந்தக் கையில் சுற்றிவிட்டார்.

சுரண்டின இடத்தில் சாம்பல் நிறத்தில் அம்பின் தடம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் தாரைக் குழைத்துத் தடவிக் கறுப்பாக்கினார்கள். ஒன்பது பத்துக்கு விஜயபாஸ்கர் நடந்தே வந்து சேர்ந்தார். காரை எங்கோ ஓரங்கட்டிவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மன்னிச்சிருங்க சார்" என்றார் வைரவன்.

என்ஜினியர் கறுப்புத் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நேத்து சாயங்காலம் இத நான் வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கணும் வைரவன். எம் பொண்ணு தன்யாவோட ஸ்கூல்ல ஆண்டு விழா. வீட்ல இருந்தபடியே எல்லாம் சரியா இருக்குன்னு போட்டு அனுப்பிட்டேன். இது வெளிய வந்தா உங்களுக்கு முன்னாடி நான்தான் போவேன்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நூல எடுங்க."

நூலின் ஒரு முனையை வைரவன் பிடித்தார். மறுமுனையை, ஐயப்பன் கை ஆகாததால், விஜயபாஸ்கரே மண்டியிட்டுப் பிடித்தார். அடிப்பதற்கு முன்னால் வைரவன் நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கம்?"

"வலது!" என்று ஏழெட்டுக் குரல் ஒன்றாகக் கத்தியது. நேபாளிகளும் கத்தினார்கள். டீக்கடையிலிருந்து சேதுமாதவனும் கத்தினார். காலையிலிருந்து முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். வைரவனுக்குச் சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

ஐயப்பன் ஒற்றைக் கையால் அச்சுத் தகட்டைப் பிடித்துக்கொண்டான். வைரவன் ஊற்றினார். ஒன்பது நாற்பத்தைந்துக்கு வலது பாதியில் இரண்டு அம்பும் ஒரு முக்கோணமும் குறுக்குக் கோடும் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தன. பத்து நிமிஷத்தில் இறுகிவிடும். காற்றும் குளிராக இருந்தது. நல்ல வேளை.

விழா ஏற்பாட்டுக்காரன் ஒருவன் வந்து லேபர் ஆட்கள் எல்லாம் கட்டடத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும், போட்டோவில் விழக்கூடாது என்று சொன்னான். பஸ் நின்ற சந்துக்குப் போனார்கள். அங்கிருந்து கிழக்குத் தெரு தெரிந்தது. மேளச் சத்தம் கேட்டது, கைதட்டல் கேட்டது, ஒலிபெருக்கியில் அரபியில் யாரோ நெடுநேரம் பேசினார்கள். பிறகு கார்கள் வந்தன. ஒவ்வொன்றாக அம்பில் ஏறி, முக்கோணத்தில் நிதானித்து, வலதாகச் சுற்றிப் போயின. ஒரு ஹாரன் இல்லை. ஐம்பது கார் போகும்வரை வைரவன் எண்ணினார். அதற்கப்புறம் எண்ணத் தோன்றவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சை விட்டார். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

செய்கு முகம்மது அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அதிகாரி வேலை பிரமாதம்னு சொல்லிட்டாராம். என்ஜினியர் ஒன்னயப் பத்தி வாயத் தொறக்கல. பாலத்துக்கு ஆளு லிஸ்டும் இப்ப வந்துருச்சு. உம் பேரு இருக்கு, மாப்ள."

வைரவன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எட்டு மாதம் இல்லை, ஒரு வருஷத்துக்கே கவலை இல்லை. அப்புறம்தான் கேட்டார்.

"ஐயப்பன் பேரு?"

செய்கு முகம்மது போனைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல வியாழக்கெழமையே போட்டு முடிச்ச லிஸ்ட்டு இது. யாரு எப்பிடி வேல பாக்குறான்னெல்லாம் பாக்கல. கம்பெனி நம்பர் பழசா இருக்குற ஒம்பது பேரு, அவ்வளவுதான். கலாஸ். அவன் பதினொன்னாவது ஆளு." போனைப் பைக்குள் போட்டார். "இன்னிக்குச் சொல்லாத. கை ஆறட்டும்."

சந்தின் முனையில் ஐயப்பன் நின்றுகொண்டிருந்தான். நல்ல கையில் போனைத் தூக்கிப் பிடித்து மனைவியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான்.

"தெரியுதா சங்கீதா? வண்டியெல்லாம் எப்பிடிப் போவுது பாரு. அந்த அம்பு நாங்க போட்டதுதான். சூடு ஆறி இன்னும் ஒரு மணி நேரங்கூட ஆவல."

போனுக்குள்ளிருந்து, கையில் என்ன கட்டு என்று கேட்டது அந்தப் பெண்குரல்.

"ஒண்ணுமில்ல, டீ கொட்டிருச்சு. இரு, அண்ணனக் காட்டுறேன். அண்ணே, இங்கிட்டு வாங்கண்ணே!"

வைரவன் போய் அவன் தோளோடு தோளாக நின்றார். பின்னால் கார்கள் வழுக்கிக்கொண்டு போயின.

"அடுத்தது பாலம்" என்றான் ஐயப்பன் போனைப் பார்த்து. "கடல் மேல. அண்ணன் நூல் புடிப்பாரு, நான் தள்ளுவேன். அதையும் முடிச்சிட்டு ஒனக்குக் காட்டுறேன் பாரு."

வைரவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.